உன் கியர்பாக்ஸின் பழைய எண்ணெய்

இன்று காலை உன் முதலாம் ஆண்டுத் திதிக்குப் பூ வாங்கத் தேக்கா சந்தையில் நின்றேன். காசை நீட்டியதும் பூக்கடைப் பெண் மூக்கைச் சுளித்தாள். "என்ன அங்கிள், அடிபிடிச்ச சட்டி தேய்ச்சுட்டு வந்தீங்களா?" கையை முகர்ந்து பார்த்தேன். அத்தனை மல்லிகைக்கு நடுவிலும் அந்தத் தீய்ந்த வாடைதான் வந்தது. கிளம்பும் முன் வீட்டில் ஒரு டின்னை இடம் மாற்றி வைத்தேன், அதன் வேலை. உன் வண்டியின் கியர்பாக்ஸிலிருந்து வடித்த பழைய எண்ணெய் அதில் இருக்கிறது. ஆமாம், மாற்றிவிட்டேன். நீ வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன வேலை. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஃபோர் வீல் டிரைவ் அது. வாங்கிய நாளிலிருந்து கியர்பாக்ஸ் எண்ணெயை நீ மாற்றவே இல்லை. கேட்டால், "ஓடுதுல்ல, விடுடா. இந்த வயசுல தொட்டாத்தான் கெடும்" என்பாய். உள்ளே தேய்ந்த தூள் எல்லாம் அந்த எண்ணெயில்தான் கலந்திருக்கிறது, அந்தப் பிடிப்பில்தான் வண்டி ஓடுகிறது, புது எண்ணெய் ஊற்றினால் கியர் வழுக்கும் என்பது உன் கட்சி. இயந்திரம் வைத்து மொத்தமாகக் கழுவாமல், கொஞ்சம் வடித்துக் கொஞ்சம் ஊற்றி, சில வாரம் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றலாம் என்பது என் கட்சி. நான் பள்ளிக்கூடத்தை முடித்தவன் இல்லை. கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டே, இரவில் மடியில் அகராதியை வைத்து அந்த வண்டியின் கையேட்டை வரி வரியாகப் படித்தவன். நீயோ காப்பிக்கடையில் எல்லார் முன்னாலும், "வந்துட்டாருப்பா புத்தக மெக்கானிக்" என்பாய். அவர்களும் சிரிப்பார்கள். அதை நான் மறக்கவில்லை.

படியேறும்போது நெஞ்சு அடைக்கிறது என்று நின்றாயே, அப்போதும் இதே பதில்தான். ஓடுதுல்ல, விடுடா. நான் விடவில்லை. தோ பாயோவில் உன் புளோக்கின் கீழேயே தினமும் உட்கார்ந்து சண்டை போட்டேன். கடைசியில் என் வாய்க்குப் பயந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். அறுவை சிகிச்சை செய்தார்கள். நீ கண் விழிக்கவில்லை. நான் சொன்னது சரிதான். மருத்துவரும் அதைத்தான் சொன்னார். இன்றைக்கு யார் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு எதையும் திறந்து பார்க்கக் கை வரவில்லை. உன் மனைவி கமலா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

சில மாதங்களுக்கு முன் கமலா வாயைத் திறந்தாள். "அண்ணே, கேமரன் மலையில எங்க அக்கா படுத்த படுக்கையா இருக்கு. ஒருதரம் பாத்துடணும். அவரு வண்டியிலயே கூட்டிட்டுப் போங்க." வேறு வண்டி வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். "அவரு வண்டின்னுதானே சொன்னேன்" என்றாள். வண்டிக்கும் நாள் முடியப்போகிறது, சாலையில் ஓட்டுவதற்கான சிஓஇ உரிமத்தை இனிப் புதுப்பிக்க வழியில்லை. ஓட்டிப் பார்த்தேன். மேம்பாலம் ஏறும்போது கியர் மாறும் இடத்தில் ஒரு நடுக்கம். இறங்கிக் குனிந்தால் தீய்ந்த வாடை. அப்படியே விட்டால் மலை ஏற்றத்தில் எண்ணெய் கருகி நின்றுபோகலாம். மாற்றினால் நீ சொன்னபடி வழுக்கலாம். எப்படியானாலும் பாதி மலையில் சாலையோரம் நிற்கப்போவது கமலா. தொட்டுக் கெடுத்தவன் நான் என்று ஆகும். இன்னொரு முறை.

காக்கி புக்கிட்டில் செல்வத்தின் பட்டறையில் வண்டியை உயர்த்தி நிறுத்தும் தூக்கியை மட்டும் வாடகைக்குக் கேட்டேன். அவன் வண்டியைச் சுற்றி வந்தான். "ஸ்க்ராப் போற வண்டி லா, அங்கிள். எதுக்கு இந்தச் செலவு?"

"வண்டி உன்னுதா?"

"இல்ல."

"அப்ப ஸ்பானரக் குடு."

இழுவையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் தொடங்கினேன். என் கை தானாக மேல் மூடிக்குத்தான் போனது. "ஊத்துற வாயத் தொறக்காம வடிக்கிற வாயத் தொடாத" என்பாயே. அந்த மேல் மூடி துருவில் இறுகிக் கிடந்தது. சூடு காட்டி, ஸ்பானரில் குழாய் மாட்டி, தொங்காத குறையாக இழுத்த பிறகுதான் அசைந்தது. முதலில் கீழே வடித்திருந்தால், ஊற்ற வழியில்லாத வெற்றுப் பெட்டியோடு வண்டி அங்கேயே நின்றிருக்கும். அதில் நீ சொன்னது சரி. அதில் மட்டும்.

கியர்பாக்ஸ் எண்ணெய் கட்டங்காப்பி நிறத்தில் இறங்கியது. செல்வம் அதைக் கழிவுப் பீப்பாயில் கொட்டப்போனான். தடுத்து, சுத்தமான ஒரு டின் கேட்டேன்.

"எதுக்கு அங்கிள், ஊறுகா போடவா?"

டின்னை வாங்கி அதில் ஊற்றி மூடினேன். புது எண்ணெயை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ரிவர்ஸ் போட்டேன். வண்டி அசையவில்லை. செல்வம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு லேசாக ஒரு குலுக்கலோடு கியர் பிடித்தது. அந்த ஒரு நொடியில் உன் அறுவை சிகிச்சை முடியக் காத்திருந்த மருத்துவமனை நாற்காலிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

சில வாரம் ஓட்டி, மறுபடியும் மாற்றினேன். நடுக்கம் குறைந்தது. ஆனால் சிங்கப்பூரில் மலை ஏது? பல மாடிக் கார்நிறுத்தத்தின் சரிவில் ஏறி இறங்கிப் பார்த்ததுதான் சோதனை. கிளம்பும் நாளில் அந்தப் பழைய எண்ணெய் டின்னைப் பழைய துணியில் சுற்றிப் பின்னால் வைத்துக்கொண்டேன். உட்லண்ட்ஸில் எல்லை தாண்டி மலேசியாவுக்குள் நுழைந்ததிலிருந்து வானொலி போடவில்லை. கியர் சத்தம் கேட்க வேண்டும். தாப்பாவில் மலைப்பாதை தொடங்கியதும் கமலா திரும்பிப் பார்த்தாள்.

"அது என்ன டின்னுண்ணே?"

"பழைய எண்ணெய்."

"எதுக்கு?"

"வண்டி வழுக்குனா திரும்ப ஊத்தலாம்னு."

ஒரு வளைவு போனது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் முக்கிக்கொண்டிருந்தது.

"திரும்ப ஊத்துனா பழையபடி ஆயிடுமா?"

எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் உண்டு, உனக்குத் தெரியும். "ஆவாதும்மா" என்றேன்.

"அப்புறம் எதுக்குண்ணே தூக்கிட்டு வர்றீங்க?"

நான் லாரியைத் தாண்டுவதற்காக மிதித்தேன். கியர் ஒரு படி இறங்கியது. நடுங்கவில்லை, வழுக்கவில்லை. அப்படியே தாண்டி ஏறியது. கமலா சன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேலே போய்ச் சேர்ந்தோம். அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் வாசலில் நின்று கேட்டேன்.

வண்டி போன வாரம் ஸ்க்ராப்புக்குப் போய்விட்டது. ஊற்ற இனி கியர்பாக்ஸே இல்லை. எண்ணெயை மாற்றியது சரிதான், ஓட்டிக் காட்டிவிட்டேன். உன்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் சரிதான், அதை ஓட்டிக் காட்ட வழியில்லை. இந்தப் பூவை எடுத்துக்கொண்டு கமலாவிடம் போக வேண்டும். கையைச் சோப்புப் போட்டு இன்னொரு முறை கழுவிவிட்டேன், வாடை போகவில்லை. அவள் முகர்ந்தால் தெரிந்துகொள்வாள், டின்னை நான் இன்னும் எறியவில்லை என்று.