பனியனில் ரத்தத்தடம்

மான் வேட்டை மகாராஜாவுக்கு,

உன் காட்டுக் குடிசையில் போன் எடுக்காது. அதனால் இதை உன் வேட்டைக் கூட்டாளி டுவெய்னிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

உன் பனியன் எல்லாவற்றிலும் இடது மார்க்காம்பு படுகிற இடத்தில் ரத்தக்கறை. கேட்டதற்கு, "துப்பாக்கிக் கட்டை உரசிடுச்சு" என்றாய். நீ துப்பாக்கி வைப்பது வலது தோளில், புளுகா!

நர்ஸிடம் கேட்டேன். "அமுக்காமலே ஒரு பக்கம் மட்டும் கசிஞ்சாலோ, ரத்தமா வந்தாலோ பொம்பளைங்களே உடனே காட்டணும். ஆம்பளைக்கு எது கசிஞ்சாலும் காட்டியே ஆகணும்" என்றாள்.

துரை உனக்கோ, மார்பைப் படம் எடுக்கும் இடத்தில் இளஞ்சிவப்பு அங்கி மாட்டினால் மானம் போய்விடும். "வேட்டை சீசன் முடியட்டும்டி" என்று ஓடிவிட்டாய். இப்போது மட்டும் என்ன, பளபளக்கும் ஆரஞ்சு வேட்டைச் சட்டையில் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறாய்!

பனியில் ஒரு சொட்டு ரத்தம் கண்டால் மான் கிடைக்கும்வரை தடத்தை விடமாட்டாய். பாதியில் திரும்புகிறவனை, "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று காறித் துப்புவாய்.

வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். இறங்கி வா. குண்டு பட்ட மான்கூட ஒன்றுமே ஆகாததுபோல் கொஞ்ச தூரம் ஓடும் என்று நீதானே சொன்னாய்?

தடத்தை விடாமல் வருகிற,
உன் பெண்டாட்டி