அவளுக்கு ஸ்தோத்திரம், எனக்கு ஜெபம்

திருப்பதி,
வியாழன்

அன்புள்ள உங்களுக்கு,

போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். பக்கத்தில் உங்கள் தம்பி மனைவி தபிதாவும் உட்கார்ந்திருப்பாள். அதனால்தான் இதை எழுதி, ஊருக்கு வரும் என் அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்கும் அவளுக்கும் ஒரே மாதம். அவள் அங்கே சித்தூரில் மாங்காய் தின்றுகொண்டிருக்கிறாள். நான் இங்கே ஆஸ்பத்திரியில் ஒருக்களித்துப் படுத்தபடி ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்கு வளர்ச்சி போதவில்லை. ஊசி உதவலாம், உதவாமலும் போகலாம் என்கிறார் டாக்டரம்மா.

நீங்களோ போன் எடுத்ததும், "தபிதாவுக்குக் கொழந்த நல்லா வளந்துக்கினு இருக்குதாம்" என்கிறீர்கள். அவளை ஸ்கேனுக்கு வண்டியில் கூட்டிப்போனதும் நீங்கள்தானாமே. உங்கள் தம்பிக்கு லீவே கிடைக்காதா?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உங்கள் அம்மா எங்கள் இருவர் பெயரையும் கொடுத்தாராம். போதகர் அவளுக்காக நன்றி ஸ்தோத்திரம் சொன்னாராம், எனக்காக ஜெபம் பண்ணினாராம். சபை முழுக்கக் கேட்டிருக்கிறது.

அன்று நானும் ஜெபித்தேன். என் பிள்ளை வளரட்டும், அது எட்டிப்பிடிக்கும்வரை அவள் பிள்ளை வளராமல் நிற்கட்டும் என்று.

இன்று காலை ஸ்கேன் எடுத்தார்கள். "பேபி பெரிகிந்தம்மா" என்று நர்ஸ் சிரித்தாள். வளர்ந்திருக்கிறதாம். அம்மா அழுதேவிட்டார். எனக்கு அந்த ஜெபத்தின் மறுபாதிதான் நினைவுக்கு வந்தது.

தபிதாவுக்கு அடுத்த ஸ்கேன் எப்போது? நீங்களே கூட்டிப்போங்கள். அவள் பிள்ளை வளர்ந்திருந்தால் உடனே போன் பண்ணுங்கள். ஸ்பீக்கரிலேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி