விடாத பிடி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. அங்கே நீ சுகமாக இருப்பாய், இருக்கவும் வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, பட்டறையில் புது லேத்து இறக்கியாயிற்று, வேலைக்குக் குறைவில்லை. போன வாரம் உன் குழந்தை என் விரலைப் பிடித்திருக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, "தாத்தாவ விடவே மாட்டேங்கிறான், ஆள் தெரியுதும்மா, தேறிட்டான்" என்று அம்மாவிடம் சொன்னாயாம். அவள் பூரித்துப்போனாள். நான் பூரிக்கவில்லை. அவனுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிற அம்மாளிடம் நான் முன்பே கேட்டுவிட்டேன். பிறந்த குழந்தை உள்ளங்கையில் எது பட்டாலும் இறுக்கிக்கொள்ளுமாம், மூளை வளர வளர சில மாதத்தில் அந்தப் பிடி தானே விட்டுப்போகுமாம். "ஒன்றரை வயசாகியும் இவனுக்கு விடலய்யா, அதான் கவலை" என்றாள். என் விரலுக்குப் பதிலாக ஒரு ஸ்பேனரை வைத்தாலும் அப்படித்தான் பிடிப்பான்.

அவன் பிறந்த வாரத்தில் காமாலை மஞ்சள் கண்ணிலிருந்து இறங்கிப் பாதம்வரை வந்ததை முதலில் பார்த்தவள் உன் மனைவி. பாதம் மஞ்சளானால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லி நர்ஸ் அனுப்பியிருந்தாள். பச்சை உடம்போடு செருப்பைக்கூட மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவளை, "அங்க போனா ஊசியா குத்தியே கொன்னுடுவாங்க, வெயில்ல காட்டுங்க போதும், நான் நெட்ல படிச்சுட்டேன்" என்று போனில் நிறுத்தினாய். படித்தவன் சொல்கிறாய் என்று நாங்களும் தலையாட்டினோம். கீழே பட்டறையில் இரும்புத் தகடு விழுந்து வீடே அதிர்ந்தது, குழந்தை திடுக்கிடவில்லை. என்ன சமத்து என்று மெச்சினோம். மறுநாள் பால் குடிக்கவில்லை, வில்லாக முதுகை வளைத்துக் கீச்சென்று அழுதான். அதற்குப் பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தையே மாற்றினார்கள். "முன்னாடியே வந்திருந்தா விளக்கு வெளிச்சத்துல வெச்சே சரி பண்ணியிருக்கலாம்" என்றார் டாக்டர். மூளையில் ஏறிய மஞ்சள் ஏறியதுதான்.

இப்போது உன் மச்சானிடம், தாய்ப்பால் சேராததால்தான் இப்படி என்று சொன்னாயாமே. என் வாயைக் கிளறாதே. மருமகள் அதைக் கேட்டுவிட்டுக் குழந்தையின் எச்சிலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். முதலில் அவளிடம் பேசு, அன்றைக்குப் போனில் தடுத்தது நீதான் என்று ஒப்புக்கொள். அவள் போனை எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடு.

லீவு கிடைத்து வந்தால் ஒன்றை மறக்காதே. நின்றுகொண்டு அவனைக் கூப்பிடாதே. காது கேட்காது, கண்ணை மேலே தூக்கவும் அவனால் முடியாது, நிற்கிறவன் அவனுக்கு வெறும் கால்தான். தரையில் உட்கார்ந்து முகத்துக்கு நேராக முகத்தைக் காட்டு. சிரிப்பான். அந்தச் சிரிப்பு தானாக வருவது இல்லை, ஆள் பார்த்து வருவது, அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். எங்களுக்குப் பிறகு அவனைத் தூக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா