இன்னும் எழும்பாத வீடு

தம்பி,

அப்பாவுக்குச் சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சூடாக்கிக் கொடு. மாலையில் வீட்டுத் தரகர் வருவார்.

நீ பார்த்துவைத்த புது அடுக்ககத்தில் நீச்சல் குளம் உண்டாம், தியான மண்டபம் உண்டாம். வீடுதான் இன்னும் இல்லை. கட்டி முடிக்க இரண்டு வருடம். டாக்டர் அப்பாவுக்கு அவ்வளவு நாள் சொல்லவில்லை என்பது உனக்கும் தெரியும். நான் பார்த்த பழைய வீட்டில் பெயிண்ட் உரிந்திருக்கிறது. ஆனால் குளியலறையில் பிடித்து எழக் கைப்பிடி இருக்கிறது, அடுத்த மாதமே குடிபோகலாம். “அடுத்தவன் கழிச்சுப் போட்ட வீடு” என்று நீ சொன்னதும் நேற்று நானும் கத்திவிட்டேன். மனசில் வைக்காதே.

எந்த வீடு என்று தரகரிடம் நீயே பேசு.

அக்கா

பி.கு. காலையில் அப்பா உன் அடுக்கக விளம்பரத் தாளை விரித்து, “இதுல என் ரூம் எதும்மா?” என்று கேட்டார். ஜன்னல் பக்கம் ஒன்றைக் காட்டினேன். “நல்லா காத்து வரும்” என்றார். இன்னொரு தடவை கேட்டால் நீ காட்டு. என்னால் ஆகாது.