கம்பிக் கயிற்றின் மேல் ஈரச் சாக்கு

என் கூடப் பிறந்த மாரிக்கு, எங்கே இருந்தாலும் நீ நல்லா இருக்கணும்.

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருசம். பஸ் ஸ்டாப்பில் உன் போட்டோவைப் பெரிதாகப் போட்டு பிளக்ஸ் வைக்கலாம் என்று உன் சேக்காளிகள் வந்தார்கள். அடியில் போட நாலு வரி சொல்லுங்கக்கா என்றார்கள். எனக்கு நாலு வரியில் அடங்கவில்லையே, என்ன செய்ய? மூன்றாம் வகுப்போடு தீப்பெட்டி ஒட்டப் போனவள் நான். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் சிரித்துக்கொள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எவ்வளவு நாளாயிற்று.

இந்தத் தையிலும் மழை, தம்பி. அறுப்பு நேரத்தில் பெய்யக் கூடாத மழை. கரிசல் முழுக்க ஊறிக் கிடக்கிறது. கால் வைத்தால் செருப்பை வாங்கிக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தருகிறது. இப்படிப்பட்ட நாளில் நம் முற்றத்தில் யாராவது வந்து நின்றுகொண்டே இருப்பார்கள். டிராக்டர் இறங்கிவிட்டது என்பார்கள். கரண்டு எடுக்கிற காற்றாடிக்குச் சாமான் ஏற்றி வந்த லாரி புதைந்துவிட்டது என்பார்கள். எல்லாரும் தேடி வருவது உன்னைத்தான்.

அந்தப் பழைய ஜீப்பை வாங்கி, முன்னால் வண்டி இழுக்கிற வின்ச் மாட்டி நீ ஓட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு ஊரே சிரித்தது நினைவிருக்கிறதா? "ஏலே, கெணத்து உருளைய ஜீப்புல மாட்டிட்டு வாரான் பாரு" என்றார் டீக்கடைக்காரர். "ஆமா அண்ணாச்சி, நீரு உள்ள விழுந்தா எடுக்கணும்லா" என்றாய் நீ. அடுத்த மழைக்கே அவருடைய மச்சான் வண்டியை ஓடைக்குள்ளிருந்து இழுத்தாய். அப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அது எஞ்சினோடு ஓடுகிற வின்ச். எஞ்சினிலிருந்து ஒரு தண்டு போய் டிரம்மைச் சுற்றும், கம்பிக் கயிறு அதில் சுருளும். லீவரைத் தள்ளிவிட்டால் எஞ்சின் ஓடுகிற வரைக்கும் இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு அலுப்பும் தெரியாது, பயமும் தெரியாது. அதனால்தான் நடுவில் ஒரு சின்னப் பின் வைத்திருக்கிறது, பாரம் மிஞ்சினால் முதலில் அது ஒடியட்டும் என்று. அதற்கு மேல் காவலுக்கு என் சாக்கு. நனைத்த சாக்கைக் கயிற்றின் நடுவில் போட்டால், கயிறு அறுந்தாலும் ஆளை வீசி அடிக்காமல் அங்கேயே விழும்.

நீ கிளம்பும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "யக்கா, சாக்கு நனைஞ்சிட்டா?" நான் தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்டப் பின்னால் போடுவேன். அன்றைக்கும் போட்டேன். நீயும் அதைக் கயிற்றின் மேல் போட்டுத்தான் ஆரம்பித்தாய் என்று சொன்னார்கள்.

நான் பார்க்கவில்லை. கூட நின்றவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். விளாத்திகுளம் பாதையில் ஒரு சோளக்காட்டுக்குள், மக்காச்சோளம் ஏற்றிய டிராக்டர் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. நீ இழுத்தாய், அந்தச் சின்னப் பின் ஒடிந்தது. வேறு பின் போட்டாய், அதுவும் ஒடிந்தது. தெற்கே மழை இருட்டிக்கொண்டு வருகிறது. சோளம் நனைந்துவிடும், சோளம் நனைந்துவிடும் என்று காட்டுக்காரர் தவிக்கிறார். நீ பின்னுக்குப் பதிலாக ஒரு போல்ட்டைப் போட்டு முறுக்கினாய். நம் பக்கத்தில் எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. கரிசல் பிடித்த பிடிக்குப் பின் தாங்காது என்பார்கள்.

அப்புறம் டிராக்டர் சக்கரம் வழுக்கியதாம். சக்கரத்துக்கு அடியில் ஏதாவது கொடுக்க வேண்டும், வேறு ஒன்றும் இல்லை. நீயே போய்க் கயிற்றின் மேல் கிடந்த சாக்கை எடுத்து அடியில் திணித்தாய். லீவரைத் தள்ளிவிட்டு, கயிறு சரியாகச் சுருளுகிறதா என்று பார்க்க முன்னால் வந்து நின்றாய்.

ஒடிய வேண்டிய பின் இல்லை. அமுக்க வேண்டிய சாக்கும் இல்லை. அறுந்த கயிறு உன்னை வீசி அடித்துவிட்டது. ஏன்டா அப்படிச் செய்தாய்? அந்த நேரத்தில் எங்கள் ஞாபகம் வரவே இல்லையா? இல்லை, எங்களை நினைத்துத்தான் சீக்கிரம் முடித்துவிட்டு வரலாம் என்று பார்த்தாயா?

அதற்குப் பிறகு ஜீப்புக்குத் தார்ப்பாய் போட்டு மூடினேன். சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். ஐப்பசி, கார்த்திகையில் கேட்டு வந்தவர்களை எல்லாம் வண்டி ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினேன். உன் பெண்டாட்டி செண்பகம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் உளுந்து புடைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"மதினி, சாவியத் தாங்க. நான் ஓட்டுதேன்."

"ஏட்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"அவிய இருக்கும்போதே எத்தனையோ தடவ லீவர நான் பிடிச்சிருக்கேன். எனக்குத் தெரிஞ்ச வேல அதுதான்."

"அத வித்துத் தொலைச்சிருவோம்."

"யாருக்கு விக்க? வாங்கிட்டுப் போறவனும் அதே போல்ட்டத்தான் போடுவான்."

அது நிசம்தான். ஆனாலும் சாவியைக் கொடுக்கவில்லை. உன்னைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், இவளையும் எப்படி அனுப்புவேன்?

அவள் விடுகிறவளா? மார்கழியில் மெக்கானிக் துரை அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பழைய வின்ச்சைக் கழற்றிவிட்டு ஹைட்ராலிக் வின்ச் மாட்டினார்கள். எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது. லீவரைக் கையால் பிடித்திருந்தால்தான் சுற்றும், விட்டால் நின்றுவிடும். "பாரம் மிஞ்சினா எண்ணெ திரும்பிப் போயிரும் தாயி. நீங்க சொல்லாமலே அது நின்னுக்கிடும்" என்றார். நிற்கத் தெரிந்த வின்ச்.

அண்ணாச்சி பழையதைக் கழற்றும்போது அந்தப் போல்ட்டை எடுத்து என் கையில் வைத்தார். துடைத்துப் பார்த்தேன். வளையவே இல்லை, தம்பி. ஒரு கீறல்கூட இல்லை. நேற்றுக் கடையில் வாங்கியது போல இருந்தது.

இப்போது நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம் பத்து மணி இருக்கும், மழை தூறுகிறது. வாசல் வேம்புக்கு அடியில் ஒரு ஆள் நனைந்துகொண்டு நிற்கிறார். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. அந்தக் காட்டுக்காரர். உன் காரியத்தன்று தெருமுனை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனவர்.

செண்பகம்தான் கேட்டாள். "என்ன மொதலாளி, ஏன் நனையுதீக?"

"டிராக்டரு எறங்கிட்டும்மா. அதே காட்டுலதான். வேற எங்கயும் வண்டி கெடைக்கல. ஒங்ககிட்ட வந்து கேக்க எனக்கு வாய் வரல." அவர் அழுதார் என்று நினைக்கிறேன். மழையில் சரியாகத் தெரியவில்லை.

செண்பகம் என்னைப் பார்த்தாள். அப்புறம் என் இடுப்புச் சாவியைப் பார்த்தாள். எனக்கு அந்த மனுசனைக் கண்டால் வயிறு எரிகிறது. ஆனால் இன்றைக்கு இல்லையென்றால் இன்னொரு நாள் இவள் போகத்தான் போகிறாள், அது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது. சாவியை எடுத்துக் கொடுத்தேன். தொட்டியில் இரண்டு சாக்கை முக்கினேன். ஜீப்பில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீங்க எங்க மதினி வாரீக?" என்றாள். "பேசாம ஓட்டுட்டி" என்றேன்.

தெரு வழியே போகும்போது யாரோ சொன்னது காதில் விழுந்தது. "புருசனத் தின்ன வண்டியிலயே பொண்டாட்டியும் ஏறிட்டாளே." செண்பகம் ஹாரனை ஒரு தடவை நீளமாக அடித்தாள். அதுதான் பதில்.

நீ விழுந்த இடத்தைப் பார்த்தேன். அடையாளம் ஒன்றும் இல்லை. சோளத்தட்டைதான் நின்றது. செண்பகம் ரோட்டில் ஜீப்பை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கயிற்றை மாட்டினாள். நான் சாக்கைக் கயிற்றின் மேல் போட்டேன். அவள் லீவரைப் பிடித்ததும் கயிறு விறைத்தது. நான் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். டிராக்டர் ஒரு முழம் நகர்ந்தது. உடனே டிரம் நின்றுவிட்டது.

"நின்னுட்டே! இன்னும் கொஞ்சம் இழும்மா, மழ வருது!" என்று சத்தம் போட்டான் டிராக்டர் டிரைவர். சக்கரம் வழுக்கியது. அடியில் கொடுக்க அவன் ஓடி வந்து கயிற்றின் மேல் கிடந்த சாக்கில் கை வைத்தான்.

நான் எப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. "ஏலே, கைய எடு! அது கயித்துக்குப் போட்ட சாக்கு!" அவன் பயந்து விலகிவிட்டான். இரண்டாவது சாக்கைத் தூக்கி அவனிடம் எறிந்தேன். "இத வச்சிக்கோ சக்கரத்துக்கு."

செண்பகம் லீவரை விட்டாள். வண்டியை விட்டு இறங்காமலே சொன்னாள். "மொதலாளி, பாதிச் சோளத்த எறக்குங்க. அப்பத்தான் இழுப்பேன்."

"நனைஞ்சிரும்மா..."

"நனையட்டும்."

அவர் துண்டைத் தலையில் கட்டினார். தானே ஏறிச் சோளத்தை அள்ளித் தள்ள ஆரம்பித்தார். மழை பிடித்துக்கொண்டது. இறக்கி முடித்த பிறகு செண்பகம் மறுபடியும் லீவரைப் பிடித்தாள். டிராக்டர் மெதுவாக, சேற்றைக் கக்கிக்கொண்டு, மேலே ஏறி வந்துவிட்டது.

இறக்கிப் போட்ட சோளமெல்லாம் நனைந்தது, தம்பி. மறுநாள் வெயில் அடித்தது. ரோட்டில் கொட்டிக் காயப் போட்டார்கள். இன்றைக்குச் சாயங்காலம் அந்த வழியாகப் போகும்போது ஒரு கை அள்ளிப் பார்த்தேன். காய்ந்துவிட்டது. அவ்வளவுதான்டா அது. அவ்வளவுதான்.

செண்பகம் இனி போவாள், நான் தடுக்க மாட்டேன். அவள் போகிற இடத்துக்கெல்லாம் இரண்டு சாக்கை நனைத்துக்கொண்டு நானும் போவேன். கயிற்றின் மேல் கிடக்கிற சாக்கை ஒருத்தனையும் தொட விட மாட்டேன், யார் வீட்டுச் சோளம் நனைந்தாலும் சரி. இதை உன்மேல் ஆணையாகச் சொல்லுகிறேன்.

சாக்கு நனைஞ்சிட்டு மாரி. நீதான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா
ராமலட்சுமி