கதவுக்குப் பின்னால் நீ வைத்த சொம்பு

போன வாரம் என் மானம் போச்சும்மா. என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, சம்பந்தியாகப் போகிறவர் திருமலை லட்டை நீட்டினார். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டேன். அடுத்த நொடி அவருடைய பட்டு வேட்டி மேலேயே வாந்தி. "இன்னா நைனா நீ, சாமி பிரசாதத்தைப் போய்!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். பித்தம் என்று சமாளித்தேன். பித்தமில்லை என்று உனக்குத் தெரியும்.

ஆந்திர எல்லையோரம், விஜயபுரத்துக்கும் அப்பால், பஸ் திரும்பிப் போகும் எங்கள் ஊருக்கு ஒரே பையோடு வந்து, பின்கட்டு அறையை வாடகைக்குக் கேட்டாய். திருப்பதியில் புருஷனிடம் பட்டதையெல்லாம் என் மனைவியிடம்தான் சொன்னாய். என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "யாராவது கேட்டா, அப்படி யாரும் இல்லைன்னு சொல்லிடுங்கண்ணா."

நான்தான் பெரிய தமாஷ்காரனாச்சே. "இந்த ஊருக்கு பஸ்காரனே வேண்டாவெறுப்பா வரான். உன்னைத் தேடிக்கினு எவன்மா வரப்போறான்?" என்றேன். நீ சிரிக்கவில்லை. பைக் சத்தம் கேட்டால் வேர்க்கடலை உரிக்கிற உன் கை நின்றுவிடும். படுக்கும்போது கதவுக்குப் பின்னால் ஒரு சொம்பு வைப்பாய், யாராவது தள்ளினால் உருளட்டும் என்று. அதையும் ஊரெல்லாம் சொல்லிக் கேலி செய்தேன்.

ஒரு மத்தியானம் அவன் வந்தான். புதிதாக மொட்டையடித்த தலை, சந்தனம், கையில் லட்டு. "பிரசாதம் தீஸ்கோண்டி அண்ணா" என்று தெலுங்கில் குழைந்தான். பிரசாதத்தை யார் வேண்டாம் என்பது? மென்றேன். அவன் உன்னைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பெண்டாட்டிக்காக வேண்டிக்கொண்டு மொட்டை போட்டானாம். "பாவம்ணா, அவளுக்குப் பைத்தியம். கதவுக்குப் பின்னாடி சொம்பு வெச்சாத்தான் தூக்கமே வரும்."

"அட, இங்கேயும் அதே கூத்துதான் சார்!" என்று வாய் நிறைய லட்டோடு சிரித்தேன்.

அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு மாறாமலே உள்ளே போய், உன் கையைப் பிடித்து இழுத்து வந்தான். என் மீசையில் ஒட்டியிருந்த பூந்தியைப் பார்த்தாய், அவ்வளவுதான். இன்றைக்கும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் அந்த மூஞ்சியைக் கண்டால் குமட்டுகிறது.

இரண்டு மாதத்தில் செய்தி வந்தது. மாடியில் துணி உலர்த்தும்போது தவறி விழுந்துவிட்டாயாம். கைப்பிடிச் சுவர் மார்பு உயரம் இருந்ததாக, சாவுக்குப் போய் வந்த என் மனைவி சொன்னாள்.

எங்கள் ஊருக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர், "அந்தம்மாவுக்குப் புத்தி சரியில்லையாமே?" என்று கேட்டார். சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

"அவ புத்தி சரியாத்தான் இருந்துச்சு சார். கெட்டது என் புத்திதான்."

தொண்டை வரைக்கும் வந்ததும்மா. வாயைத் திறக்கவில்லை.