மாதா என் வீட்டில் தங்கிய இரண்டாம் இரவு

அக்டோபர் 14, செவ்வாய். ராத்திரி.

ஜெபமாலை மாதம். எங்கள் தெருவில் மாதா சொரூபம் வீட்டுக்கு ஒரு நாள் தங்கும். நேற்று என் வீடு. இன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பிலோமினா கையில் நான் தூக்கிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

காலைப் பூசையில் சாமியார் அவளைப் பற்றித்தான் பேசினார். துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் கிடக்கிற லாரிக்காரர்களுக்கு அவள் தினமும் கஞ்சி கொண்டு போகிறாளாம். விசுவாசம் என்றால் அதுதானாம். முன்பெஞ்சில் முப்பது வருஷமாக முழங்கால் போடுகிற என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் மகள் கல்யாணத்தில் கூப்பிடும் முன்னே முதல் பந்தியில் உட்கார்ந்தவள் அவள். எனக்கு மறக்குமா?

சாயங்காலம் மாதாவை வாங்க மெழுகுதிரியோடு வந்து நின்றாள்.

"ஏளா, முழங்கால் வலிக்கு. மாதாவ நாளைக்குத் தாரேன்," என்றேன்.

"சரிக்கா, அதுக்கென்ன," என்று போனவள் தைலத்தோடு திரும்பி வந்தாள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் விடாமல் தேய்த்துவிட்டாள். "கால் கல்லு மாதிரில்லா இருக்கு. இதுலயா வலி?" என்று சிரிப்பு வேறு.

பிறகு அவள் வீட்டில் ஜெபம் நடந்தது. லாரிக்காரர்கள் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். வெறும் மேஜைக்கு முன்னால் முழங்கால் போட்டார்கள். "எதிர்வீட்டு அக்கா முழங்கால் சுகமாகணும்" என்று அவள் சொன்னது இங்கே வரை கேட்டது.

மாதா என்னையே பார்க்கிறாள். வலியில்லாத காலில் தைலம் எரிகிறது. விடிந்ததும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவேன்.

முதல் பந்தி வேறு கணக்கு.